நடுக்கத்துக்கு ஊசி போடும் முன்

ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும்போது உடம்பு நடுங்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதுகில் ஊசி போடுவார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், வலியே தெரியாது என்றெல்லாம் ஆளாளுக்குச் சொன்னார்கள். நடுக்கத்தை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அதனால் அதை நான் சொல்கிறேன். கூடவே, சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லாமல் மறைத்த ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

என் பெயர் நாச்சிமுத்து. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சைக்கிளை மிதித்தால் பத்து நிமிடத்தில் தமிழ்நாடு வந்துவிடும் தூரத்தில் எங்கள் தோட்டம். தென்னையும் கொஞ்சம் காய்கறியும். வயது ஐம்பத்து நான்கு. வீட்டில் பேசுவது தமிழ். ஆபீஸ்களில் நீட்டும் காகிதமெல்லாம் மலையாளம். இரண்டுக்கும் நடுவில் காலம் தள்ளியதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆபீசில் யார் என்ன கேட்டாலும் முதலில் "இல்லா" என்று சொல்லிவிடுவது. வேறு நிலம் உண்டோ? இல்லா. வேறு கார்டு உண்டோ? இல்லா. "உண்டு" என்று வாயைத் திறந்தால் அதற்கு ஒரு காகிதம் கேட்பார்கள், அந்தக் காகிதத்துக்கு இன்னொரு ஆபீசுக்கு நடக்க வேண்டும். "இல்லா" என்றால் வேலை சட்டென்று முடியும். இந்தப் பழக்கத்தை நான் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனேன்.

வியாதி பெரிய வியாதி இல்லை. கிணற்று மோட்டாரைத் தனியாளாகத் தூக்கி வைத்த அன்று வலது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு வந்தது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். நெறி கட்டியிருக்கிறது, தானாகப் போகும் என்று எட்டு மாதம் வேட்டியை இறுக்கிக் கட்டி மறைத்தேன். மறைப்பதில் நான் கெட்டிக்காரன். ஒருநாள் இருமும்போது கை தானாக அங்கே போய் அழுத்திக்கொண்டதை என் மனைவி சரசு பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இருமறதுக்கு எதுக்குங்க அங்க கைய வெக்கறீங்க?"

அவ்வளவுதான், மறுநாள் டாக்டர் முன்னால் நின்றேன். இருமச் சொன்னார், இருமினேன். குடலிறக்கம் என்றார். வயிற்றுச் சுவரில் ஒரு இடம் நைந்துபோய், குடலின் ஒரு பகுதி அந்த ஓட்டை வழியாக வெளியே தள்ளுகிறதாம். குடல் சிக்கிக்கொண்டால் ஆபத்து, அதற்குள் உள்ளே தள்ளி, ஓட்டையின் மேல் ஒரு வலையை வைத்துத் தைத்துவிட வேண்டும் என்றார். கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போடுகிற வேலைதான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அதில் பயம் வரவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்தபோதுதான் பயம் வந்தது.

எங்கள் மகள் கீர்த்தனாவுக்கு வேலந்தாவளத்தில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்தி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. பையனுடைய அம்மாவின் தங்கை வசந்தாமணி பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ். எனக்கு ஆபரேஷன் என்று தெரிந்ததும் அந்தம்மா போனிலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

"ஏனுங்ணா, நானிருக்கறப்ப வேற எங்கீங்க போறீங்க? ஒண்ணும் ரோசன பண்ணாம வாங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி தேடுவது இப்படித்தான். டாக்டர் எப்படி என்று பிறகுதான் கேட்போம். உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. நம்ம ஆள் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், கேட்டதற்குப் பதில் வரும், ராத்திரி வலித்தால் ஒரு குரல் கொடுக்கலாம். சரசுவுக்கு ஒரே சந்தோசம். சம்பந்தி வீட்டு ஆள் கையால் பார்க்கிறார்கள் என்றால் அது ஒரு மரியாதையும்கூட. மறுத்துப் பேச எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

அந்தக் காரணம் ஒரு மாத்திரை. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். மன அழுத்தத்துக்கு.

அது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, தென்னை காய்த்தது, வீட்டில் சண்டை இல்லை. ஆனாலும் விடிந்தால் எழுந்திருக்கப் பிடிக்காது. சோறு மண் மாதிரி இருக்கும். காலையில் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துவேன், அழுகை வரும். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று மோட்டாரைப் போட்டுவிட்டு அழுவேன். தேவையில்லாமல் தண்ணீர் பாய்ந்து வாய்க்கால் நிரம்பி, வெண்டைப் பாத்தி அழுகிப்போனதும்தான் எனக்கே உறைத்தது. கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டரைத் தேடிப் போனேன். அவர் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். மூளையில் சுரக்கிற ஒரு சத்து குறைந்தால் இப்படி ஆகும், சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு வியாதி, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். மாத்திரை எழுதினார். இரண்டு மாதத்தில் எனக்குச் சோறு சோறாக ருசித்தது.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில் அப்பன் மனநல டாக்டரிடம் போகிறான் என்றால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "குடும்பத்துல ஒரு மாதிரியாமா" என்று ஒருத்தர் சொன்னால் போதும், பெண் கேட்டு வருகிறவன் பாதி வழியிலேயே திரும்பிவிடுவான். மாத்திரை அட்டையை மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே வைத்தேன். டாக்டர் நம்பரைப் போனில் 'காயில் கட்டுறவர் கோவை' என்று போட்டு வைத்தேன். மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவேன். சரசுவுக்குக்கூட இது தெரியாது. சொல்லப்போனால் அவளிடம்தான் முதலில் மறைத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள். அடுத்தது மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நீளமான படிவம். வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாமணி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்ணா இங்க உக்காந்துட்டு? குடுங்க, நானே கேட்டு எழுதிக்கறேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்தில் சரசு நின்றாள். பிரசர்? இல்ல. சர்க்கரை? இல்ல. ஆஸ்துமா? இல்ல. பிட்ஸ்? இல்ல. வேறு ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா?

"இல்ல" என்றேன். மற்றதற்குச் சொன்ன அதே குரலில், அதே வேகத்தில். வசந்தாமணி பேனாவால் ஒரு கோடு போட்டார். கீழே அவரே கையெழுத்தும் போட்டார்.

அந்த இடத்தில் முகம் தெரியாத ஒரு நர்ஸ் இருந்திருந்தால் சரசுவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சம்பந்தியின் மச்சினியிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயது, பாலக்காட்டுக்காரர்தான், மலையாளமும் எங்களிடம் பழகிய தமிழுமாகப் பேசினார். வாயைத் திறக்கச் சொன்னார், முதுகைத் தடவிப் பார்த்தார். படிவத்தைப் பார்த்துக்கொண்டே "மருந்நொந்நும் இல்லல்லோ?" என்று கேட்டார். மருந்து எதுவும் இல்லைதானே என்று அவராகவே பாதிப் பதிலையும் சொல்லிக் கேட்டதால் எனக்குத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தியேட்டர் குளிர்ந்து கிடந்தது. பச்சைத் துணி ஒன்றுதான் உடம்பில். உட்கார வைத்து, முதுகை வளைக்கச் சொன்னார்கள். வசந்தாமணி என் முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். முதுகுத் தண்டைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறதாம். மெல்லிய ஊசியால் அந்த நீருக்குள் மருந்தை விடுகிறார்கள். எறும்பு கடித்த வலிதான். படுக்க வைத்ததும் கால்களில் சூடு பரவியது. பிறகு கனம். பிறகு கால் என்று ஒன்று இருந்த நினைப்பே போய்விட்டது. மார்புக்குக் குறுக்கே ஒரு துணியைத் திரை மாதிரி கட்டினார்கள். அந்தப் பக்கம் சர்ஜன் வேலையை ஆரம்பித்தார். நான் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இவ்வளவுதானா என்று தோன்றியது.

கால் மணி நேரம் போயிருக்கும். தாடை லேசாக ஆடியது. குளிர் என்று நினைத்தேன். பிறகு தோள் ஆடியது. பிறகு மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. பல்லோடு பல் அடித்துக்கொள்ள, மேசை கடகடவென்று ஆட, இடுப்புக்கு மேலே என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. மேல் பாதி ஒருத்தனுடையதும் கீழ்ப் பாதி வேறொருத்தனுடையதும் மாதிரி இருந்தது. கையில் கட்டியிருந்த பிரசர் பட்டை இறுக்கி இறுக்கிப் பார்த்தது, அளவைக் காட்ட முடியாமல் மிஷின் கத்தியது. நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடுகள் கன்னாபின்னாவென்று ஓடின. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பயம் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜன், "விறயல் நிக்கட்டே" என்றார். நடுக்கம் நிற்கட்டும் என்று கையை எடுத்துவிட்டார். ஆடுகிற உடம்பில் தையல் போட முடியாதே. மயக்க மருந்து டாக்டர் என் தலைமாட்டுக்கு வந்து, மூக்கின் மேல் ஆக்சிஜன் மூடியை வைத்தார்.

"பேடிக்கண்டா, சேட்டா. பயப்படாதீங்க, இது பலர்க்கும் வரும். ஒரு ஊசி போட்டா நின்னுடும்." திரும்பி வசந்தாமணியிடம், "ட்ராமடால் எடுக்கூ சிஸ்டர்" என்றார்.

அந்தப் பெயரை நான் கேட்டிருக்கிறேன். கோயமுத்தூர் டாக்டர் முதல் நாளே சொன்னது. "நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பல் புடுங்கப் போனாலும், இந்த மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லிடணும். சில வலி மருந்து இதோட சேரக் கூடாது." சேரக் கூடாத மருந்துகளை ஒரு சீட்டில் எழுதி, அதில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். மாத்திரை அட்டையோடு அந்தச் சீட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே கிடந்தது. வட்டத்துக்குள் இருந்தது ட்ராமடால்.

வசந்தாமணி மருந்தை ஊசிக் குழலில் ஏற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் அதை வாங்கக் கையை நீட்டியவர் ஒரு நிமிடம் நின்றார்.

"சேட்டன் வேற மருந்நு ஒண்ணும் சாப்பிடறதில்லையே? தூக்கத்துக்கோ, மனசுக்கோ?"

நான் வாயைத் திறக்கும் முன் வசந்தாமணி பதில் சொல்லிவிட்டார். "இல்ல டாக்டர். ஞான் தன்னெயா சோதிச்சது." நானேதான் கேட்டு எழுதினேன் என்று.

அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். உயிருக்குப் பயந்து உடனே கத்தினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. ஒரே ஒரு ஊசிதானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று கணக்குப் போட்டேன். பேசாமல் இருந்துவிட்டால் கீர்த்தனாவின் கல்யாணம் நடக்கும் என்று நினைத்தேன். பல் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கணக்கு தெளிவாக ஓடியது. தலையைத் திருப்பினேன். வசந்தாமணியின் கண்கள் தெரிந்தன. தைரியமாக இருங்கள் என்று எனக்குக் கண்ணாலேயே சொல்லிக்கொண்டு, ஊசிக் குழலை டாக்டரிடம் நீட்டினார். என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்ட கை அது. எனக்கு ஏதாவது ஆனால் அது அந்தக் கை செய்ததாகத்தான் இருக்கும்.

"உண்டு" என்றேன். நடுக்கத்தில் அது இரண்டு மூன்று துண்டாகத்தான் வந்தது. "உண்டு டாக்டர். மனசுக்கு. தெனமும். இன்னைக்கும் போட்டேன்."

டாக்டரின் கை அப்படியே நின்றது. மாத்திரையின் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஊசிக் குழலைத் தட்டில் திரும்ப வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பறஞ்ஞது நந்நாயி. சொன்னது ரொம்ப நல்லது" என்றார். "வேற மருந்து இருக்கு."

அந்த வேறு மருந்தின் பெயர் டெக்ஸ்மெடிடோமிடின். எழுதவே ஒரு வரி வேண்டும். சட்டென்று ஏற்றாமல் சொட்டுச் சொட்டாகப் பத்து நிமிடம் ஏற்றினார்கள். ஏற்றும்போது இதயத் துடிப்பு குறையும் என்று டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதோடு சூடான காற்றை ஊதுகிற ஒரு குழாயைப் போர்வைக்குள் செருகினார்கள். குழாயைச் செருகி, போர்வையை என் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டது வசந்தாமணிதான். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. முதலில் தோள் அடங்கியது, பிறகு தாடை. சர்ஜன் மறுபடி வேலையை ஆரம்பித்தார். மருந்து கண்ணைச் சொருக வைத்தது. வலை வைத்துத் தைத்ததெல்லாம் எனக்கு அரைத் தூக்கத்தில் கேட்ட பேச்சுச் சத்தம்தான்.

நடுக்கம் ஏன் வருகிறது என்று சாயங்காலம் வார்டுக்கு வந்த டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதுகில் போட்ட மருந்தால் கால் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. உடம்புக்குள் இருக்கிற சூடு அந்த வழியாகத் தோலுக்கு வந்து வெளியே போகிறது. குளிர்ந்துவிட்டது என்று மூளை புரிந்துகொண்டு, நடுங்கிச் சூடேற்று என்று உத்தரவு போடுகிறது. மரத்துப்போன காலுக்கு அந்த உத்தரவு போய்ச் சேராது. மேல் உடம்பு மட்டும் நடுங்கும். ட்ராமடால் நல்ல மருந்துதானாம், பலருக்கும் அதைத்தான் போடுகிறார்களாம். ஆனால் என் மாத்திரையும் அதுவும் ஒரே சத்தைத்தான் கூட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து அது அளவுக்கு மீறினால் காய்ச்சல் ஏறலாம், நடுக்கம் இன்னும் கூடலாம், பிட்ஸ்கூட வரலாம். எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்னால் தெரியாது என்றார். மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கவும் மாட்டோம், தெரிந்திருந்தால் முதலிலேயே வேறு மருந்தை எடுத்து வைத்திருப்போம், அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான் என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் உறைத்தது.

டாக்டர் வருவதற்கு முன்பே, ஆபரேஷன் முடிந்து தியேட்டருக்கு வெளியே ஒரு அறையில் கிடத்தியிருந்தபோதே, வசந்தாமணி வந்துவிட்டார். முகக்கவசத்தைக் கழற்றியிருந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"நான் கேட்டப்ப ஏனுங்ணா சொல்லல?"

"நீங்க கேட்டதுனாலதானுங்க சொல்லல."

அவருக்குப் புரிந்தது. பிறகுதான் கோபம் வந்தது. "அது நான் போட்ட கையெழுத்துங்ணா. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நாளைக்கு கீர்த்தனா மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்? நம்ம ஆளுன்னு சொகுசு பண்ணப் போயி, நானே உங்களக் கெடுத்துருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கால் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தார். உணர்ச்சி இன்னும் வரவில்லை.

"தியேட்டர்ல கேட்டது தியேட்டரோட. எங்கக்காகிட்ட என்ற வாயில இருந்து ஒரு வார்த்த போவாது. ஆனா நீங்களே சொல்லிப்போடுங்ணா. இன்னொருக்கா இந்த மாதிரி முழுங்கிட்டுப் படுக்காதீங்க."

தலையணை இல்லாமல் மட்டமல்லாக்கப் படுத்திருக்க வேண்டும் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். அப்படிப் படுத்திருப்பதில் ஒரு வசதி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே பேசலாம். சரசு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி என் தோளுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கீர்த்தனா அரிசிக் கஞ்சியை பிளாஸ்க்கில் கொண்டுவந்து, எப்போது குடிக்கலாம் என்று நர்சிடம் மூன்றாவது தடவையாகக் கேட்கப் போயிருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மோட்டார் ரூம், அழுகை, கோயமுத்தூர், மாத்திரை, எல்லாம்.

சரசு வெந்நீர்ப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப காயில் எரியலீங்களா?"

"இல்ல."

"ரண்டு வருசமா மாசாமாசம் காயில் எரியற மோட்டாரு எந்த ஊருலீங்க இருக்குது? நான் என்னன்னு நெனச்சுட்டு இருந்தேன் தெரியுங்களா? கோயமுத்தூர்ல இன்னொரு குடும்பம் வெச்சிருக்கீங்கன்னுங்க." சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. "கேட்டா உண்டுன்னு சொல்லிப்போடுவீங்களோன்னு பயந்துட்டு நான் கேக்கவே இல்லீங்க."

இரண்டு வருடம் ஒரே வீட்டில் நான் ஒரு பக்கம் மறைத்தேன், அவள் ஒரு பக்கம் பயந்தாள். அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினேன், ஊசி குத்தியிருந்த கை, எட்டவில்லை. அவளாகக் குனிந்து நெற்றியை என் கையில் வைத்துக்கொண்டாள். கீர்த்தனா கஞ்சியோடு திரும்பி வந்தபோது நாங்கள் அப்படியே இருந்தோம். அவளிடமும் சொன்னேன்.

"அவங்க ஊட்டுல சொல்லிப்போடுங்கப்பா" என்றாள் அவள். "அதுக்காக வேண்டாம்னு சொன்னாங்கன்னா, அந்த ஊட்டுக்கு நான் போயி என்ன பண்றது?" சொல்லிவிட்டாள், ஆனால் கஞ்சியை டம்ளரில் ஊற்றி, எனக்குத் தராமல் பிளாஸ்க்கிலேயே திரும்ப ஊற்றினாள். அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நடமாட்டம் சரியாகிக் கொஞ்ச நாள் கழித்து, நிச்சயத்துக்கு நாள் குறிக்க நானும் சரசுவும் வேலந்தாவளம் போனோம். பையனின் அப்பா கிட்டுசாமி வாசல் வரை வந்து கூட்டிப்போனார். வசந்தாமணியும் வந்திருந்தார். காபி வந்தது. காலண்டரை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். நான் பேச ஆரம்பிக்க வேண்டிய நேரம் அதுதான்.

என் முழங்கால் ஆட ஆரம்பித்தது. இரண்டு காலும் வேட்டிக்குள் நடுங்கின. அன்றைக்கு மேசையில் நடுங்காமல் கிடந்த கால்கள் அந்தப் பாக்கியை இங்கே தீர்த்துக்கொண்டன. டம்ளர் தட்டில் ஆடிச் சத்தம் போட்டது. பையனின் அம்மா பதறி எழுந்தார்.

"அண்ணனுக்குக் குளுருதாட்ட இருக்குதுங்க. ஒடம்பு இன்னும் தேறலயாட்ட" என்று மின்விசிறியை நிறுத்தினார்.

"குளுரு இல்லீங்க" என்றேன். சரசு எல்லோர் முன்னாலும் என் முழங்கால்மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "நாள் குறிக்கறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. நான் மனசுக்கு மாத்திரை சாப்பிடறனுங்க. ரண்டு வருசமா. கோயமுத்தூர்ல மனநல டாக்டர்கிட்டப் பாக்கறேன். இப்ப நல்லா இருக்கறனுங்க. ஆனா மாத்திரை உண்டுங்க."

பையனின் அம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். வசந்தாமணி, "எனக்குத் தெரியுங்க்கா" என்று மட்டும் சொன்னார். அதுவரை விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த காலண்டர் தாள் அசையாமல் கிடந்தது. கிட்டுசாமி காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காத்தால எந்திரிக்கவே புடிக்காதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"சோறு?"

"எறங்காதுங்க."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். கிட்டுசாமி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். போனை எடுத்தார். குரல் இறங்கிவிட்டது.

"எனக்கும் நாலஞ்சு மாசமா அப்படித்தானுங்க இருக்குது. ஊட்டுக்குள்ளயே வெச்சுட்டு இருக்கறம். நம்பரச் சொல்லுங்க."

என் போனை எடுத்து 'காயில் கட்டுறவர் கோவை' என்பதைத் தேடி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் ஒரு விரலால் மெதுவாக அடித்தார். அடித்து முடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பேரு என்னன்னு போட்டு வெக்கட்டுங்க?"

என் கால்கள் நடுங்குவது நின்றிருந்தது.

"டாக்டர்னே போட்டுக்கங்க" என்றேன்.